பதினாறாம் மரம்

சுண்டுவிரல் நகமளவு தங்கம்.
அடகுக்கடைக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார்.
அதன்மேல் கண்ணுக்கெட்டாத ஒரு நாற்றங்கால்
நட்டு வைத்திருக்கிறேன்:
ஒவ்வொன்றும் இருபத்திரண்டு எழுத்து நீளம்,
ஒவ்வொன்றும் ஒற்றை இழை.
தன் மறுபாதி வந்தால் முறுக்கிக்கொள்ளும்,
வராவிட்டால் சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவைத் தாண்டி நாலு மைல்.
தோட்டத்து ஆயாக்கொட்டகைதான் இப்போது ஆய்வுக்கூடம்.
தொட்டில் கொக்கியில் துளைப்பான் காய்கிறது.
செம்பனை ஆலைப் புகை
எந்த ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும்.

மரம் பச்சையாகத்தான் நிற்கும்.
குலை தள்ளும், அணில் ஏறும்.
அடித்தண்டில் கனோடெர்மா
சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.
காளான் வெளியே தலைகாட்டும் நாளில்
மரத்துக்குள் மரம் இருக்காது.
அந்த நாளுக்கு முந்திக்கொள்ளத்தான்
எனக்குச் சம்பளம்.

"குலை போட்ட மரத்த எதுக்குத் தங்கச்சி
சாய்க்கச் சொல்ற?"
குத்தகைக்காரர் சற்குணன்.
"டன்னு விலை தெரியுமா இப்ப?"
நான் கருவியைக் காட்டினேன்.
அவர் அதைத் தண்ணீர் மீட்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தண்டின் தூளை அரைத்து, கரைத்து,
சூட்டில் இழைகளைப் பிரித்து,
ஒரு சொட்டு.
இருபது நிமிடம்.
நீலச் சாயத்தின் மின்னோட்டம் திரையில் மேடாக எழும்.
இணை சேர்ந்திருந்தால்
மேடு தாழும்.
இதைத்தான் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை:
துள்ளினால் ஒன்றுமில்லை,
அடங்கினால் செய்தி.

ஏழாம் நிரை.
பதினைந்து அடங்கியது. பதினாறு அடங்கியது.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
சிவப்புச் சாயம் அடித்தாயிற்று.
துளைப்பானைக் கழுவிப் பிடித்த தண்ணீர்
ஒன்றுதான் பாக்கி.
அதற்குள் மழை, மின்சாரம் போயிற்று.
வெறும் தண்ணீர்தானே, நாளைக்கு ஆகட்டும் என்று
பட்டியலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் அந்தத் தண்ணீரும்
அடங்கியது.

தண்ணீருக்கு ஏது காளான்?
பதினைந்தை நானேதான்
இரும்பு முனையில் சுமந்துகொண்டு
நிரை நெடுகப் போயிருக்கிறேன்.
ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று.
செயின்சா சத்தம் கேட்டது, நின்றது.

பதினைந்து கிடந்தது. உள்ளே பழுப்பு மாவு.
பதினாறு கிடந்தது.
அறுபட்ட முகம் முழுக்க வெள்ளை,
ஈரமாக, ஒரு புள்ளி இல்லாமல்.
சற்குணன் அதைக் கட்டைவிரலால் தடவினார்.
என்னைப் பார்க்கவில்லை.
அதற்குத் திட்டியிருக்கலாம்.

குளோராக்ஸில் ஊறவைத்து, தீயில் காட்டி,
மீதி மூன்றையும் மறுபடி துளைத்தேன்.
பதினெட்டு துள்ளியது, பத்தொன்பது துள்ளியது.
பதினேழு மட்டும் பாதியில் நின்றது.
எழுந்ததும் இல்லை, விழுந்ததும் இல்லை.

ஒரு எழுத்து பிசகினாலும் ஒட்டத்தான் செய்யும்,
தூரத்துச் சொந்தம் கல்யாண வீட்டில்
முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வதுபோல.
சூட்டைக் கூட்டினேன்.
ஐம்பது பாகை, அசையவில்லை.
ஐம்பத்துநான்கு.
ஐம்பத்தெட்டில் அது கையை விட்டது,
மேடு மெல்ல மேலே வந்தது.
பங்காளிக் காளான்;
உதிர்ந்த மட்டையைத் தின்று பிழைப்பது.
மரத்தை ஒன்றும் செய்யாது.

பதினேழின் சாயத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தேன்.
முழுதாகப் போகவில்லை.

மேனேஜர் கமாருல் தந்த பாரத்தில்
'நோயுள்ளது', 'நோயற்றது' என்று இரண்டே கட்டம்.
பதினாறை எதில் போடுவது?
ஓரத்தில் எழுதினேன்:
நோயற்றது. வெட்டப்பட்டது. தவறு என்னுடையது.
கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் பங்களாதேஷ் பையன் ரஃபிகுல்
சைக்கிளில் வந்து ஒரு டப்பாவை நீட்டினான்.
சாய்ந்த மரத்தின் குருத்தை வெட்டி
மஞ்சள் போட்டு, மிளகாய் கீறி,
எனக்கும் ஒரு பங்கு.
"பாகுஸ், அக்கா," என்றான்.

கொக்கிக்குக் கீழே நின்றபடி சாப்பிட்டேன்.
இனிப்பாக இருந்தது.